பெட்டிக்குள் செத்தவனுக்குத் துக்கம்

தோணிரேவு ஊரைத் தாண்டியுள்ள மீனவக் குப்பம் ஒன்றில், நாடகத்தில் ஒருவன் செத்ததற்காக ஏரியில் வலை கட்டக் கூடாது என்று ஊர்க்கட்டு போட்டார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் குப்பத்து இருசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மாசம். பொன்னேரியில் வாங்கி வந்த டிவியை ஊர்க் கொட்டகையில் வைத்திருந்தார்கள். வாராவாரம் அதில் ஒரு போர் நாடகம். மீசை முறுக்கிய ஹவில்தார் ஒருவன் வாரக்கணக்கில் பனியில் புரண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மார்பில் குண்டு வாங்கி, அரை மணி நேரம் வசனம் பேசிவிட்டுச் செத்தான். பெண்கள் மாரடித்து அழுதார்கள். ராஜம்மா டிவிக்குக் கற்பூரமே காட்டிவிட்டாள். ஊர்த் தலைவர் வேதாசலம் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

"நாட்டுக்காவ உசுர வுட்டவன். நம்மூட்டுச் சாவு மாரிதான். நாளைக்கு ஒருத்தரும் ஏரில எறங்கக் கூடாது."

குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று வலை நிற்கும், ஒருவரும் மீன்பிடிக்கப் போக மாட்டார்கள், அது வழக்கம். ஆனால் இது நாடகம்தானே என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை.

மறுநாள் இருசம்மாளின் பாடு. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். அதற்குத்தான் பாடு என்று பேர். இந்த முறை போனால் அடுத்தது வருவதற்குள் இறால் ஓட்டம் நின்றுவிடும். புருஷன் இல்லாத வீடு, தம்பி சுப்பராயலுவை வைத்து அவள் விடாமல் காத்து வந்த முறை அது.

புருஷன் திருவேங்கடம் பட்டாளத்துக்காரன். எழுபத்தொன்றில் சண்டையில் செத்தான். தந்திதான் வந்தது, உடம்பு வரவில்லை. அன்றைக்கு இதே வேதாசலம், "பொணமே வராத வூட்டுக்கு இன்னா துக்கம்?" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படகு எடுத்தார். ஊரே பின்னால் போனது. வாயும் வயிறுமாக இருந்தவள் கரையில் உட்கார்ந்து அத்தனை படகையும் பார்த்தாள். பாவிகள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வலையைச் சுமந்துகொண்டு கரைக்கு வந்தாள். சுப்பராயலு பயந்துபோய்ப் பின்னால் வந்தான். வேதாசலம் குறுக்கே நின்றார்.

"இன்னாம்மா இது? ஊர்க்கட்டு தெரியாது உனுக்கு?"

"தெரியும் மாமா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னிக்கு நிக்கிற வலையெல்லாம் எம் புருசன் திருவேங்கடத்துக்காவனு ஊரக் கூட்டிச் சொல்லு. எம் பாடு போனா போவுதுனு நான் வூட்டுக்குப் போறேன்."

வேதாசலம் தலையைச் சொறிந்தார். "அது எப்டிம்மா? அது எப்பவோ ஆன சமாச்சாரம்..."

"எம் புருசனுக்கு நிக்காத வலை எவனுக்கும் நிக்காது. ஒத்து!"

அவர் ஒதுங்கினார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகைத் தண்ணீரில் தள்ளினாள். சுப்பராயலு ஒரு கணம் தலைவரைப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்தது. அன்றைக்கு அந்த ஏரியில் அவர்கள் குப்பத்திலிருந்து விழுந்தது திருவேங்கடம் வீட்டு வலை ஒன்றுதான்.