நம்ம காசை எடுக்காத பெட்டி

என் மகன் வெளிநாடு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி கழுவும் இடத்தை ஆரம்பித்தோம். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை போனதும், எப்போதும் மழையும் குளிருமாக இருக்கும் ஒரு நாட்டில் பிழைக்கிற என் தம்பி, "அனுப்பிவுடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். ஒரே பிள்ளை. கடைசியில் என் நகையையும் என் கணவரின் துறைமுகத்துச் சேமிப்பையும் போட்டு அவனுக்கு இங்கேயே ஒரு தொழில் வைத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. காசு போட்டால் குழாயில் தண்ணீர் பீறிடும். டாக்ஸிக்காரர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் அவரவர் வண்டியை அவரவரே கழுவிக்கொண்டு போகலாம். என் தம்பி அங்கே செய்வதும் இதே தொழில்தான் என்பதால் யோசனை கேட்க ஆளும் இருந்தது.

பம்பு வந்தது, குழாய் வந்தது, சிமென்ட் தரை காய்ந்தது. காசு வாங்கும் பெட்டி மட்டும் வரவில்லை. அதைத் தேர்ந்தெடுக்க என் மகன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் பார்த்து முடித்திருக்கலாம்.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். அவன் மாதிரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் ஃப்ரீசரில் வைத்தான். நான் வஞ்சிர மீனை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இடம் பண்ணினேன். விறைத்த பெட்டியை வெளியே எடுத்ததும் உள்ளேயும் வெளியேயும் நீர் கோத்துக்கொள்ளும். "ஏம்மா இப்டி வேர்க்குது?" என்பான். சில்லிட்ட உலோகத்தில் காற்றின் ஈரம் படிவதை விளக்குவேன். அந்த ஈரம்தான் நாணயத்தை உரசிப் பார்க்கும் பாகத்தைக் கெடுக்கும், உள்ளே சின்னதாக ஒரு சூடாக்கி இருந்தால் படியாது என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

"திருவொற்றியூர்ல எதுக்குடா ஹீட்டரு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஐப்பசி மழைக்குமா. உப்புக் காத்து வேற."

பிளாஸ்டிக் முகப்பு வேண்டாம், குளிரில் விரிசல் விடும் என்றான். காசு போடும் வாய்க்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும் என்றான். அது சரி. சிக்கிய காசைத் திருப்பித் தரும் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், கையுறை போட்ட விரலும் அழுத்த வேண்டும் என்றான். திருவொற்றியூரில் எந்த ஆட்டோக்காரர் கையுறை போடுகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவும் செய்தேன். "சோப்புக் கைமா, வழுக்கும்ல" என்றான். அவன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நோண்டினே கீறியே மே, புள்ள கரெக்டாதான் செய்றான்" என்றார். என் தம்பி வீடியோ அழைப்பில் தலையாட்டினான்.

ஒரு வழியாக எஃகு முகப்பு வைத்த ஒரு வகை எல்லாச் சோதனையையும் தாங்கியது. ஒன்று பழுதானால் மற்றது இருக்கட்டும் என்று அதில் ஒரே மாதிரியாக இரண்டு பெட்டிகள் வாங்கிவந்தான். எந்த நாணயத்தை ஏற்க வேண்டும் என்பதை மாதிரிக் காசைப் போட்டுப் போட்டு அந்தப் பெட்டிக்குப் பழக்கலாம். அதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனே செய்தான்.

எங்கள் ராயபுரத்து உறவுக்காரர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. டீச்சர் கை ராசியான கை. படகுக்குப் புது எஞ்சின் வாங்கினால் என்னிடம் போணிக் காசு வாங்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். நானும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு கொடுப்பேன். இயற்பியல் படித்தவளுக்கு இதில் என்ன நம்பிக்கை என்று நான் யோசித்ததில்லை. காசு கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை இருந்தது, கொடுத்தேன்.

திறப்பன்று காலை ஞாயிறு பூசை முடிந்து நேராக அங்கே போனோம். ஒரு பெட்டி சுவரில் பொருத்தியிருந்தது. இன்னொன்றை ஸ்டூல் மேல் வைத்து பேட்டரியில் இணைத்திருந்தான்.

"ரெண்டுத்துக்கும் உன் கையாலயே போணி பண்ணிடும்மா."

சுவரில் இருந்ததில் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டேன். விளக்கு எரிந்தது, குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது, என் கணவர் கை தட்டினார். ஸ்டூலில் இருந்ததில் போட்டேன். காசு கீழே விழுந்து திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், திரும்பியது. புடவையில் துடைத்துப் போட்டேன். வேறு காசு போட்டேன். ஒவ்வொன்றையும் துப்பியது.

என் கையால் ஆரம்பிக்கும் எதுவும் அதுவரை இப்படி ஆனதில்லை. "வேணான்டா, இது சரியில்ல. கடைக்காரர்கிட்ட குடுத்து மாத்திடு" என்றேன். அவன் தரையைப் பார்த்தான். நான் மறுபடி ஒரு காசை எடுத்தேன்.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "அது நம்ம காச எடுக்காது, வுடு மே" என்றார்.

"அப்ப யாரு காச எடுக்கும்?"

அவர் சட்டென்று மகனைப் பார்த்தார். என்னவோ இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதே புரிந்தது.

என் மகன்தான் சொன்னான். மாமாவின் இடத்துக்கு அந்தப் பெட்டி. அங்கே குளிர்காலம் முழுக்கக் காசு சிக்குகிறதாம், இங்கே வாங்கினால் மலிவாம். இவன் அதைப் பொருத்திவிட்டு அங்கேயே வேலைக்கு இருப்பான். விசா வந்துவிட்டது. இங்குள்ளதை அப்பா பார்த்துக்கொள்வார்.

"எத்தினி நாளா?" என்று கணவரைக் கேட்டேன்.

"உன்னாண்ட சொன்னா நீ பட்டினி கெடப்ப. பிரஷர் ஏறும். அதான்..."

"அப்ப எம் போணி மட்டும் எதுக்குடா?"

"உன் கை படாம எடுத்துனு போவ எனக்கு மனசு வரல மா" என்றான் மகன். அவன் கண் கலங்கியது. பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. என்னை ஏமாற்றவும் வேண்டும், என் ஆசியும் வேண்டும்.

அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று உள்ளே வந்தது. என்னைத் தினமும் பள்ளிக்கு ஏற்றிப்போகிற தெரிந்த டிரைவர். வண்டியெல்லாம் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைத் தூசி. இறங்கியதும், "இன்னா டீச்சர், கட தொறந்தாச்சா? சோக்கா கீது!" என்றவர், என் மகன் பக்கம் திரும்பி, "நைனா, எப்ப ஃப்ளைட்டு? போவசொல்லோ நம்ம வண்டிலயே ஏர்போர்ட்டு போலாம், இன்னா?" என்றார்.

அவர் எங்கள் மூவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். தினமும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையன் கடை போடுகிறான், இனி ஊரிலேயே இருப்பான் என்று நான் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். "ஆமா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

என் மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். யாரோ ஒரு அயல்நாட்டுத் தலை. அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது. "இத போட்டா எடுக்கும்மா" என்றான்.

கையை மூடிக்கொண்டு சாலைக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினேன்.

அவன் போய்ப் பல மாதமாயிற்று. விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. பெட்டி அங்கே பனியிலும் மழையிலும் நன்றாக வேலை செய்கிறதாம், கணவர் சாப்பிடும்போது காற்றில் சொல்வதுபோல் சொல்வார். தம்பியின் அழைப்பை நான் எடுப்பதில்லை. மகனிடம் பேசுகிறேன். உடம்பைக் கேட்கிறேன், வேலையைக் கேட்பதில்லை. வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன், அடுத்து என்ன என்று.

அந்த நாணயம் என் பர்ஸில் இருக்கிறது. பெட்டி போணி ஆகாமலே போயிற்று. போட்டுத்தான் இருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். பெரும்பாலான நாள் தோன்றுவதில்லை.