ஆறு மெஷின், ஏழு வாய்

திருவொற்றியூரில் துறைமுகத்துக்குப் பெட்டி அடிக்கும் மரப்பட்டறை ஒன்றில், சுதந்திரம் வந்த புதிதில், மரத்தூள் இழுக்கும் டக்டு, அதாவது தகரக் குழாய், போட்டது நான்தான். ஆறு மெஷினுக்கும் ஆறு வாய். எல்லாம் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து கோடியில் உள்ள ஃபேனுக்குப் போகும். மூன்று மாதம் ராஜா மாதிரி ஓடியது. நானும் ராஜா மாதிரிதான் நடந்தேன்.

நான்காம் மாதம், ஃபேனுக்கு எட்டத்தில் இருந்த மூன்று மெஷின்களில் இழுப்பு செத்துவிட்டது. ரம்பம் ஓட்டும் மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா நைனா, உன் கொயாய் தூளை இஸ்துகினு போவுதா, இல்ல எனுக்கே திருப்பி அனுப்புதா?"

போர்மேன் சவரிமுத்துவுக்குக் கிண்டல் வராது. "சனிக்கெயமைக்குள்ள சரி பண்ணுடா. இல்லாங்காட்டி கொயாயைக் கயட்டிகினு நீயும் கெளம்பு."

எனக்குக் கல்யாணமாகி ஆறு வாரம். ஃபேனைக் கழற்றி மாட்டினேன், பெல்ட்டை இறுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே போனேன். எட்டத்தில் 'டொக்' என்றது. உள்ளே தூள் படுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். காற்றின் வேகம் குறைந்தால் தூள் அங்கேயே பாய் விரித்துவிடும். பாதி தூரத்தில் சத்தம் 'ணங்' என்று மாறியது; அதற்கப்பால் குழாய் காலி.

அங்கே பலகை அடுக்கு. நகர்த்தினால், குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, எதிரே உட்கார ஒரு பெட்டி. பட்டறைக்குள் பீடி பிடித்தால் வேலை போய்விடும். அதனால் ஆட்கள் ஓட்டை வெட்டி, புகையைக் குழாய்க்குள் ஊதியிருக்கிறார்கள். கிட்டே ஓட்டை கிடைத்தால் ஃபேன் தூரத்துக் காற்றை எதற்கு இழுக்கப்போகிறது? பின்னாலேயே வந்த மாரி பல்லைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேன் தூள் கொட்டும் அறைக்கு ஓடினேன். தூளுக்குள் பீடித் துண்டுகள். ஒரு கங்கு அணையாமல் விழுந்திருந்தால் பட்டறையோடு எல்லோரும் சாம்பல். பீடிகளுக்கு நடுவே தடித்த சுருட்டுத் துண்டுகளும் கிடந்தன. பட்டறையில் சுருட்டு பிடிப்பவர் ஒருவர்தான்.

அவரே வந்தார், போர்மேன். "எவன்டா அவன்? பேரைச் சொல்லு, இப்பவே வூட்டுக்கு அனுப்புறேன்."

நான் உள்ளங்கையை விரித்து, பொறுக்கிய துண்டுகளைக் காட்டினேன். சவரிமுத்து சுருட்டுத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டையை அடைச்சுடு," என்றார் மெதுவாக.

"அடைக்கிறேன் சார். ஆனா கேட்டுக்கு வெளியே புகை பிடிக்கப் பத்து நிமிஷம் குடுங்க. இல்லாங்காட்டி நாளைக்கு வேற எடத்துல வெட்டுவானுங்க."

கொடுத்தார். மறுநாள் மணி அடித்ததும் முதலில் வெளியே போனவரும் அவரே.

டக்டு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இழுப்பு குறைந்தால் ஃபேனைத் திட்டாதீர்கள், வாய்களை எண்ணுங்கள். கணக்கில் ஒன்று கூடினால், அதைத் தகரம் வைத்து மட்டும் அடைக்க முடியாது.