செவலைக் குட்டி யார் சாயல்

அக்காவின் மாமியாரை எனக்குப் பிடிக்காது. அந்த அம்மாள் செத்துப் பல வருஷமாகிவிட்டது, இன்னும் பிடிக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். தலைப்பிரசவத்துக்கு வந்த அக்கா, ஆண் குழந்தையோடு அங்கேயே கிடந்தாள். அவள் மாநிறம், புருஷன் சிவப்பு, பிள்ளை எங்கள் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. சிதம்பரத்திலிருந்து வந்த மாமியார் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். கொடுத்த காப்பியைத் தொடாமல் ரயிலேறிப் போய்விட்டார். தகப்பன் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போய், அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பதுதான் எங்களில் வழக்கம். மூன்று மாதமாகியும் யாரும் வரவில்லை. பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட, ஞானஸ்நானம் இல்லாமலே செத்துப்போய்விடுமோ என்று அக்கா நடுங்கினாள்.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாமா, அதாவது அக்காவின் புருஷன், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கூடையில், கறுப்பும் செவலையும் வெள்ளையும் கலந்த பூனை ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. மதில்மேல் ஒரு செவலைக் கடுவன் பூனை.

மாமியார் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கூடையிலிருந்த செவலைக் குட்டியைக் காட்டினார்.

"பாத்தியா? பூனைக்குக்கூட அப்பன் சாயல் தப்பல. ஒங்க வீட்டுலதான் எப்படியோ தப்பிப்போச்சி."

அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். குட்டியைத் தூக்கி வாலை விலக்கிப் பார்த்தேன். ஆண்தான்.

"அத்த, ஆம்பளக் குட்டிக்கு இந்தச் செவல நெறம் தாய்கிட்டேருந்துதான் வரும். மதில் மேல குந்திக்கினு இருக்குதே, அதுக்கு இதுல பங்கே இல்ல."

தாயிடம் செவலையும் கறுப்பும் இரண்டும் உண்டு, மகனுக்கு அதில் ஒன்றைத்தான் கொடுக்கும் என்று விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டது எனக்கே அதிசயம்.

"அப்ப மகனுக்கு நெறம் ஆத்தாகிட்டேருந்து வருது. நீயே சொல்லிட்ட. கறுப்பு ஒங்க வீட்டுச் சரக்கு. எங்களுக்கு எதுக்கு?"

பூனையின் செவலைக்குத்தான் அந்த விதி, மனிதத் தோல் நிறம் இரண்டு பக்கமிருந்தும் வருவது என்று கத்தினேன். கேட்பார் யார்? மாமா பேப்பரைத் திருப்பினார். கல்லுளிமங்கன். "என் புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. அன்றைக்கு அந்த அம்மாளைவிட அவரைத்தான் அதிகம் வெறுத்தேன்.

சாயங்காலமே வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் அக்காவிடம் கொட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"நம்ம வீட்டுச் சரக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப அவுங்களுக்காக எதுக்குக் காத்துக்கினு கெடக்கணும்? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சாமியாரப் பாக்கலாம்."

மறுநாள் முதுநகர்க் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. நான்தான் ஞானத்தாய். சாமியார் பெயர் கேட்டார். தலைப்பிள்ளை ஆணென்றால் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பதுதான் முறை. அக்கா எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

அந்தச் செய்தி எட்டிய பிறகுதான் மாமியார் அலறியடித்துக்கொண்டு வந்தார், பின்னாலேயே மாமாவும்.

"எங்க வீட்டுப் பேர வைக்காம எப்படி விட்ட? அவன் எங்க வம்சம் இல்லியா?"

அக்கா பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"கறுப்பு எங்க வீட்டுதுன்னா, பேரும் எங்க வீட்டுதுதான், அத்த."