முரளிக்கு ஒரு பேனர்

இன்று காலை மதுராந்தகத்தில் முரளிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனேன். சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து, செராக்ஸ் எடுத்து, செங்கல்பட்டு ரயிலில் சும்மா கொடுப்பாரே, அவர்தான்.

பெரிதாக்கும்படி ஒரு போட்டோ அவர் வீட்டில் இல்லை. காமிக்ஸில் அவர் தன்னையே வரைந்திருந்த பக்கத்தைக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"இன்னா சார், பொம்மையா கீது? செத்தவரு மூஞ்சி வேணும்."

"அவர் மூஞ்சிதான். அவரே வரைஞ்சது."

கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜோரா கீது சார். சட்டைக்கு இன்னா கலர் குடுக்கட்டும்?"

முரளி கறுப்பு வெள்ளையைத் தாண்டியதே இல்லை. நீலம் என்றேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டோம். முரளியின் படம் கலரில் அச்சானது இதுதான் முதல் தடவை.

பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் போங்கள். காரியம் முடிந்ததும் யாராவது கூரைக்குப் போட எடுத்துப்போய்விடுவார்கள்.