கோடி போன ஏரியும் தோல் லாரியும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி மட்டும்தான் தெரியும். மே மாசத்தில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஊர். அதனால் தண்ணீர் எந்த ரூபத்தில் வந்தாலும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது ஆளை அடித்துக்கொண்டும் போகும் என்று சொன்னால், சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். சின்ன வயசில் தோல் மண்டியில் உப்பு உதறுகிற வேலை. இன்றைக்கு அதே தெருவில் எனக்குச் சொந்தமாக மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, பாறை மேட்டில் மாடி வீடு இருக்கிறது. எவனும் தூக்கிக் கொடுக்கவில்லை. பாறையில் அஸ்திவாரம் தோண்டக் கூலி ஜாஸ்தி, பைத்தியக்காரன் என்றார்கள். நான் பள்ளத்துக் குடிசையில் பிறந்தவன். பாலாறு பெருகி வந்த வருஷம் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க, எங்கள் வீட்டுச் சட்டி பானையெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனது. அதைப் பார்த்தவன் பள்ளத்தில் வீடு கட்ட மாட்டான்.

என் சம்பந்தி கட்டினார். என் பெண் காலேஜில் பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். பையன் தங்கமானவன். அவன் அப்பா பூகோள வாத்தியார், ரிட்டயர் ஆனவர். எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் ஏரிக்குக் கீழே புதுசாகப் போட்ட மனையில் வீடு கட்டினார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற கால்வாய் அது. ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கம் கோடி போவது என்போம். வருஷக்கணக்கில் கோடி போகவில்லை என்றதும் கால்வாயில் தோல் கழிவையும் கட்டட மண்ணையும் கொட்டி மட்டமாக்கினார்கள். கலர் கொடி நட்டு, ஒரு வளைவும் கட்டி, நகர் என்று பேர் வைத்து விற்றுவிட்டார்கள்.

"சார், இது தண்ணி போற வழி" என்றேன்.

"ஏரியில பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க. நீங்க தண்ணிங்கறீங்க" என்றார்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வருவார், வாசலிலேயே நிற்பார், "இப்பத்தான் காபி சாப்பிட்டேன்" என்பார். எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் இப்போதுதான் சாப்பிட்டிருப்பார். எதனால் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோல்காரன் வீட்டு டம்ளர்.

பிறகு அந்தக் கார்த்திகை மாசத்து மழை. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஏரி கோடி போனது. அப்படிக் கோடி போனால் மேளத்தோடு போய் மஞ்சள், குங்குமம், பூ போட்டுக் கற்பூரம் கொளுத்தி ஆடு வெட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஊரே அங்கே நின்று போட்டோ எடுத்தது. என் சம்பந்தியும் போய், ஒரு முழம் பூவைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். அந்தப் பூ அவர் வீட்டுப் பக்கமாகத்தான் போயிருக்கும்.

நான் பெண்ணுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை ஓசூரில் வேலையில் இருந்தான்.

"துணிமணி எடுத்துக்கினு எல்லாரும் இங்க வந்துடுங்க."

"மாமா வரமாட்டேங்கறாருப்பா. அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?"

பொழுது சாய்ந்த பிறகுதான் தண்ணீர் நகருக்குள் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மத்தியானமே வந்துவிட்டது. என் கணக்கில் தப்பில்லை. நடுவில் எவனோ கட்டின காம்பவுண்டு சுவர் இடிந்தது எனக்கு எப்படித் தெரியும்?

கார் போகாது. உயரமான வண்டி என்றால் பச்சைத்தோல் ஏற்றுகிற என் லாரிதான். முந்தின நாள்தான் லோடு இறக்கியிருந்தது. அந்த வாசனையை எழுதிக் காட்ட முடியாது. டிரைவர் பக்கத்தில் நானே உட்கார்ந்து போனேன். ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்காருகிற முதலாளி இல்லை நான்.

மூன்று பேரும் வெளிப்பக்க மாடிப்படியில் நின்றிருந்தார்கள். கீழே வீட்டுக்குள் சோபா மிதந்துகொண்டிருந்தது. லாரியைப் படிக்கு ஒட்டி நிறுத்தினோம். என் பெண் மாமியாரை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். வாத்தியார் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க. போட் வரும், நான் அதுல வர்றேன்."

"நம்மூர்ல இன்னா போட்டு சார்? படத்துல பார்த்ததுதான். ஏறுங்க."

"இல்ல, எனக்கு ஒத்துக்காது."

"முங்குறது மட்டும் ஒத்துக்குமா?"

பெண், "மாமா, தண்ணி அடுத்த படிக்கு வந்துடுச்சு" என்றாள். அவர் அசையவில்லை. இந்த மனுஷன் மூக்குக்காக உயிரை விடுவார் போலிருந்தது. என் பெண்ணோ அவர் ஏறாமல் வண்டியை எடுக்க விடமாட்டாள். லாரி பின் சக்கரம் மண்ணில் இறங்க ஆரம்பித்தது. அப்போது சம்பந்தியம்மா பேசினாள். அந்த அம்மா சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நாப்பது வருசமா உங்க சட்டையில சாக்பீஸ் நாத்தம். நான் மூக்கைப் பொத்தினேனா? ஏறுங்க."

டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வாத்தியார் ஏறினார். தோல் கட்டுகிற தார்ப்பாயின் மேல், எதிலும் படாமல், குந்தி உட்கார்ந்தார்.

மேட்டு ரோடு வந்ததும், "என்னை ஸ்கூல்ல எறக்கி விட்டுடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள்.

"வீட்ல அத்தனை ரூம் காலியா கெடக்குது சார்."

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

இறங்கிப் போனார். அந்த அம்மாவும் பின்னாலேயே போனாள். என் பெண்ணும் என்னைப் பார்க்காமல் இறங்கினாள். உயிர் பிழைத்தும் புத்தி வராத மனுஷன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

முகாமுக்குச் சோறு யார் போடுவது? கொடி கட்டின காரில் வந்த பெரிய மனுஷர்கள் பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, என் மனைவியும் மண்டி ஆட்களும் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிண்டினார்கள். கொண்டுபோய்ப் பரிமாறினதும் நான்தான்.

வரிசையில் வாத்தியார் தட்டோடு வந்தார். முகாம் சோறு என்று நினைத்திருப்பார், வழித்துச் சாப்பிட்டார். மறுபடியும் வந்து நின்றார். நான் சொல்வதற்கு முன்னாலேயே பக்கத்தில் நின்ற என் பெண் வாயைத் திறந்தாள்.

"மாமா, இது எங்கப்பா வீட்டுச் சோறு. அம்மா செஞ்சது."

நீட்டின தட்டு அப்படியே நின்றது. பின்னால் இருந்த ஆள், "சார், வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி நகருங்க" என்றான்.

வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்தார்.

"அடியில இருக்கறதா ஒரு கரண்டி போடுங்க. அதுலதான் காய் இருக்கும்" என்றார்.

போட்டேன்.