கருவாடு போட்ட வீடு

கடைசிப் புயலில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய் அம்மன் கோயில் வேலியில் கிடந்தது. எடுத்து வந்து திரும்ப அடித்தேன். அதற்கு முந்திய புயலிலும் அதே வேலிதான். அதனால், எங்கள் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தார் கூரைக்குக் கொங்கிறீற் பிளேட் போட்ட கல்வீடு கட்டித் தருகிறார்கள் என்றதும் மனைவி முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

சாமான்களும் மேசனும் அவர்கள் பொறுப்பு. கைவேலை வீட்டுக்காரன் பொறுப்பு. சுவருக்கு மேல் கம்பி கட்டிப் பீம் போட்ட அன்று, சீமெந்து குழைக்கத் தண்ணீர் கொண்டுவருவது என் வேலை.

"அண்ண, தண்ணி கொண்டாங்கோ," என்றார் மேசன். எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்களிடம் கேள்வி கேட்பது எனக்கு வராது.

கிணறு கோயிலடியில் இருந்தது. கடல் முன்னால் இருந்தது. சோம்பலில் செய்தேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். உப்புப் போட்ட மீன் பழுதாகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வீடும் பழுதாகாமல் இருக்கட்டும் என்றுதான் வாளி வாளியாகக் கடல் தண்ணீர் சுமந்தேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு நாள் கழித்து, வேலையை மேற்பார்வை செய்யும் மிஸ் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கடல் தண்ணி கலந்தால் உள்ளுக்குக் கம்பி கறள் பிடிச்சு உக்கிப் போகும். எல்லாரும் கிணத்துத் தண்ணிதானே பாவிச்சனீங்கள்?"

"ஓம் மிஸ்," என்றார்கள். நானும் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசும் சொல் அது ஒன்றுதான்.

"அப்ப நாளையிண்டைக்குப் பிளேட் போடுவம்."

வீட்டுக்குப் போய்ப் பீமை அண்ணாந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அதற்குக் கீழேதான் மனைவியும் மகளும் படுக்கப் போகிறார்கள். தகரம் என்றால் பறந்து போகும். பிளேட் பறக்காது. விழும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டுவதை நிறுத்தினாள்.

"ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்து எஞ்சினை நல்ல தண்ணியில கழுவுறீங்கள். ஏன்?"

"கறள் பிடிக்கும்."

"பீமுக்குள்ள என்ன கிடக்குது?"

"கம்பி."

"போய்ச் சொல்லுங்கோ. உங்களுக்காக நான் போய்ச் சொல்லமாட்டன்."

நான் போனபோது மிஸ் ஹெல்மெட் போட்டுவிட்டார்.

"மிஸ், அது கடல் தண்ணி."

"எது?"

"எங்கட பீம்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"பழுதாகாமல் இருக்க."

மேசன் தலையில் கை வைத்தார். "ஐயோ, மனுசன் வீட்டைக் கருவாடு போட்டிட்டார்!"

பக்கத்து வீட்டு மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெயிலில திருப்பித் திருப்பிப் போட்டனியோ, மச்சான்?"

மிஸ் சிரிக்கவில்லை. "உடைக்க வேணும். இப்ப சொன்னபடியால் மாரிக்கு முன்னம் முடிக்கலாம். பிளேட் போட்ட பிறகெண்டால் ஏலாது."

அடுத்த நாள் காலை உடைக்கத் தொடங்கினோம். பீம் லேசில் உடையவில்லை. மேசன் அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. மத்தியானம் போல மச்சான் வந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கினான்.

"மச்சான், மிஸ்ஸோட நீ நல்லாக் கதைக்கிறாய்."

என்னைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"என்ர பீமுக்கும் ஒருக்காச் சொல்லிவிடன்."

சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் நின்றான்.

புதுக் கம்பி கட்டி, இரண்டு வீட்டுப் பீமும் திரும்பப் போட்டோம். சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டி, கோயிலடிக் கிணற்றிலிருந்து நானும் அவனும் மாறி மாறித் தண்ணீர் கொண்டுவந்தோம். மேசன் ஒவ்வொரு வாளியிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் ஊற்ற விட்டார். பிளேட்டும் போட்டு முடிந்தது.

கார்த்திகையில் காற்று வந்தது. இரண்டு நாள் அடித்தது. ஓய்ந்த காலையில், பழக்கத்தில் எழுந்து கோயில் வேலியைப் பார்க்கப் போனேன். அங்கே எங்களுடையது எதுவும் இல்லை.

மச்சானும் அதே பழக்கத்தில் எனக்கு முதலே அங்கே வந்து நின்றான்.