ஆரின் ட்வைட் கேட்ட மேற்கத்திக் குருவி

மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் காது என்று சொன்னால் அது ஆரின் ட்வைட்டின் காதுதான். மற்றவர்களுக்கு அது தொப்பியைத் தாங்க. இது அவரே சொன்னது. பறவைச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் துணைத் தலைவர். யாராவது அரிய பறவையைப் பார்த்ததாக ஆசையாய் ஒரு குறிப்பு கொண்டுவந்தால், "நீங்கள் பார்த்திருக்க முடியாது" என்று குறுக்கே எழுதித் திருப்பிவிடுவார்.

அவருக்குப் பிடித்தது சதுப்பு ரென் குருவி. கட்டைவிரல் உயரம், ஊர்ப்பட்ட வாய். ஆண் குருவி கோரைப்புல்லுக்குள் ஒரு டஜன் கூடு கட்டும். குடித்தனம் ஒன்றில், மிச்சமெல்லாம் பெருமைக்கு. பக்கத்துக் கூட்டு முட்டைகளைக் குத்தி உடைக்கவும் செய்யும். அதன்மேல் ஆரினுக்கு இருந்தது சொந்தபந்தப் பாசம்.

உள்ளூர் ரென் கொஞ்சம் இனிமையாகப் பாடும். மேற்கத்தி ரென் துருப்பிடித்த தையல் மிஷின் மாதிரி கரகரக்கும். இந்தப் பக்கம் வராது. செவ்வாய்க்கிழமை காலை ஏரிக் கோரையில் அந்தக் கரகரப்பை ஆரின் பதிவு செய்துவிட்டார். சனிக்கிழமை தலைவர் தேர்தல். போட்டியாளர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லவோன் என்கிற அம்மா. அப்படியொரு குருவி கையில் இருக்கும்போது லவோன் எம்மாத்திரம்?

சனிக்கிழமை, ஓட்டுப் போடுவதற்கு முன், சர்ச் கூடத்துச் சங்க விருந்தில் பதிவை ஓடவிட்டார். "நேர்லயும் பார்த்தேன். முதுகு நல்ல வெளுப்பு. மூணு பக்கம் எழுதி மாநிலப் பறவைக் கமிட்டிக்கு அனுப்பியாச்சு."

லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை போடுப்பா ஆரின். பாட்டு முடியறப்பல்லாம் ஒருத்தர் இருமுறாரு பாரு."

"நான் இருமல."

"நீ இல்லப்பா, எங்க வீட்டுக்காரரு. போன வருஷம் மேற்கே யூட்டாவுல இந்தக் குருவிய நான் பதிவு பண்றப்ப இருமித் தொலைச்சாரு. செவ்வாய்க்கிழமை அக்கரையில நின்னு அதத்தான் போன்ல திரும்பத் திரும்பப் போட்டேன், நம்ம குருவிங்க பதில் பாடுதான்னு பார்க்க. ஒண்ணும் பாடல. நீதான் வந்து மாட்டியிருக்க."

லவோனின் கணவர் ஹாலிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப அந்த வெளுத்த முதுகு என்னோடதா?"

யாரும் சிரிக்கவில்லை, அந்த ஊர் மரியாதை அப்படி. "வித்தியாசமான குருவிதான்" என்றார் ஒருவர். அங்கே அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"பார்த்தது பார்த்ததுதான்" என்றார் ஆரின்.

லவோனுக்குப் பதினேழு ஓட்டு, ஆரினுக்கு ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று ஆரினுக்குத் தெரியும். அவரே மடித்துப் போட்ட சீட்டு.

காரில், அதே சங்கத்து உறுப்பினரான மனைவி மார்லிஸ், விருந்துக்குக் கொண்டுபோன பாத்திரம் காலியாய் மடியில் இருக்க, உட்கார்ந்திருந்தார். "நான் உனக்குத்தான் போட்டேன்" என்றார்.

ஆரின் சாலையையே பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.